கொத்தமல்லிக்குக் காவல் நிண்ட வேட்டைநாய்

ஒரு நல்ல வேட்டைநாயை மூண்டு மாசத்தில பழுதாக்கிறது லேசுப்பட்ட வேலை இல்லை. நான் செய்து காட்டினனான். அதுவும் பெரிய உபகாரம் செய்யிறன் எண்ட நினைப்பில.

மொன்றியல் செயின்ட்-மிஷேலில நாங்கள் மேல்வீடு. மகன், மருமகள், நான். கீழ்வீட்டில இருந்தவர்தான் வீட்டுக்காரன். கியூபெக் மனுசன். எழுபது வயதிருக்கும். பெண்சாதி செத்துக் கனகாலம். அந்த மனுசனுக்கு உலகத்தில பிடிச்சது ரெண்டே ரெண்டு: ஒரு வேட்டைத் துவக்கு, ஒரு பெட்டைநாய். வாடகைக்காசைக் கூட ரெண்டு தரம் கூப்பிட்டுத்தான் குடுக்கவேணும், நாயோட நிண்டாரெண்டால் திரும்பிப் பாக்கமாட்டார்.

நாய் வெள்ளை நிறம். அங்கினை இங்கினை தோடம்பழ நிறத்தில துண்டு வைச்சுத் தைச்ச மாதிரி. வால் எண்டு சொல்ல ஒரு கட்டை. அதுக்கு ஏதோ ஒரு பிறெஞ்சுப் பேர், மூக்கால சொல்லவேணும். எனக்கு மூக்கு மூச்சு விடத்தான் காணும். நான் "பிள்ளை" எண்டு கூப்பிட்டன். எந்தப் பேர் சொன்னாலும் அது வந்தது. மனுசன் என்னை "மடாம்" எண்டுவார். நான் முகத்துக்கு நேரை "மொசியூ", பின்னால "கீழ்வீட்டுக் கிழவன்". எனக்கும் அவருக்கும் ஒரே வயது எண்டது வேற கதை.

அவர் பிறெஞ்சில கதைப்பார். நான் தமிழில கதைப்பன், இடைக்கிடை நன்றிக்கு ஒரு "மெர்சி" போடுவன். மிச்சத்தைக் கை பாத்துக்கொள்ளும். ஆறு வருசத்தில எங்களுக்குள்ள ஒரு சண்டையும் வந்ததில்லை. மற்றவர் என்ன சொன்னவர் எண்டு விளங்கினால்தானே சண்டை பிடிக்க.

அந்த வருசம் யூன் மாசம் அவருக்கு முழங்காலில ஒப்பிறேசன். நாயை நடத்திக்கொண்டு திரிய ஏலாது. ஒருநாள் ஊண்டுகோலோட எங்கட இரும்புப் படிக்குக் கீழை நிண்டு கூப்பிட்டார். நாயைக் காட்டினார், முழங்காலைக் காட்டினார், என்னைக் காட்டினார். பேந்து ரெண்டு கையையும் சேத்துக் கும்பிட்டார். வீட்டுக்காரன் கும்பிட்டால் என்ன செய்யிறது? ஓம் எண்டிட்டன். காலமை கொண்டந்து விடுவார், பின்னேரம் நான் கொண்டுபோய்க் குடுப்பன்.

இப்ப கொத்தமல்லிக் கதைக்கு வாறன். கறித்தூள் கடையில வேண்டலாம்தான். ஆனால் கடைத்தூளில கறி வைச்சால் மருமகள் "நல்லாயிருக்கு மாமி" எண்டுவா. அதை என்னால தாங்க ஏலாது. அதால வருசா வருசம் வெய்யில் துவங்க, ஜான்-டலோன் சந்தையில மிளகாய், கடையில மல்லி, சீரகம் எல்லாம் வேண்டிவந்து கழுவி, பின்பக்கத்துப் பல்கனியில பழைய சீலையை விரிச்சுக் காயப்போடுவன். போட்ட உடனை புறா வரும். மொன்றியல் புறாவுக்கு வெக்கம் எண்டது மருந்துக்கும் இல்லை. மல்லிக்கு நடுவில ஏறி நிண்டு, என்னைப் பாத்துப் பாத்துத் தின்னும்.

இந்த முறை எனக்கொரு நாய் இருக்கெண்டு சந்தோசமா நாயைப் பல்கனியில விட்டன். புறா வந்துது. நாய் கண்டுது. கண்டிட்டு என்ன செய்தது எண்டு நினைக்கிறியள்? முன்னங்கால் ஒண்டை மடிச்சுத் தூக்கி, மூக்கை நீட்டி, கட்டை வாலை விறைப்பா வைச்சு, கல்லு மாதிரி நிண்டது. புறா தின்னுது. நாய் பாக்குது. நான் ரெண்டையும் பாக்கிறன்.

காலில முள்ளுக் குத்திப்போட்டுதாக்கும் எண்டு பாதத்தை விரிச்சுப் பாத்தன். முள்ளு இல்லை. வாதமோ எண்டு எண்ணெய் போட்டு உருவிவிட்டன். அடுத்தநாளும் புறா வந்துது, இது அதே மாதிரி நிண்டது. பேந்துதான் எனக்கு விளங்கிச்சுது: இது வெள்ளைக்காரர் வளத்த நாய், மரியாதை கூடிப்போச்சு. விருந்தாளி சாப்பிட்டு முடியட்டும் எண்டு நிக்குது.

"உப்பிடி நிண்டால் ஒரு வீட்டிலயும் உனக்குச் சோறு போடமாட்டினம், பிள்ளை" எண்டன். பழக்கத் துவங்கினன். புறா வந்து குந்தினவுடனை கையைத் தட்டி, "சூ! பிடி!" எண்டு கத்தி, நானும் நாயோட சேந்து பாய்வன். நாய் பாய்ஞ்சால் ஒரு கருவாட்டுத் தலை. நிண்டால் ஒண்டுமில்லை. முதல் கிழமை அந்தச் சீவன் சரியாக் குழம்பிப்போச்சு. என்னைப் பாக்கும், புறாவைப் பாக்கும், காலைத் தூக்கும், கருவாட்டை மணக்கும், காலை இறக்கும். ரெண்டாம் கிழமை கருவாடு வெண்டிட்டுது. ஓகஸ்ட் மாசம் எங்கட வீட்டில எண்டில்லை, பக்கத்து வீட்டுக் கூரையிலயும் புறா இல்லை.

மகன் மட்டும் ஒருநாள் கேட்டான். "அம்மா, உது வேட்டைக்குப் பழக்கின நாய். உதை உப்பிடிப் பழக்கலாமோ?"

"வேட்டைநாய் எண்டால் பறவையைக் கலைக்கத்தானே வேணும். பின்னை, பறவைக்கு வணக்கம் சொல்லவோ?"

புவாண்ட்-கிளேரில சாமான் கிடங்கில பெட்டி அடுக்கிறவனுக்கு நாயைப்பற்றி என்ன தெரியும்.

செப்ரெம்பர் கடைசியில மனுசன்ர கால் சுகமாச்சு. நாயைத் திருப்பி எடுத்தார். எனக்கு ஒரு பெட்டி சொக்கிலேற் தந்தார். நாயைத் தடவிப் பாத்து, நல்லாக் கொழுத்திருக்கு எண்டு சிரிச்சார். எனக்குப் பெருமை தாங்கேல்லை.

ஒக்ரோபரில வேட்டைக்குப் போகத் துவங்கினார். அவர் சுடுறது பெக்காஸ் எண்டு ஒரு குருவி. எங்கட ஊர் உள்ளான் குருவிக்குச் சொந்தக்காரன், கொஞ்சம் கொழுத்த சொந்தக்காரன். சொண்டு எழுதுகோல் நீளம், கண் தலையின்ர உச்சிக்குக் கிட்ட. சேத்துப் பத்தைக்குள்ள குந்தியிருந்து மண்புழு தோண்டித் தின்னும். பனி விழமுதல் தெற்குக்குப் பறந்திடும், அதால வேட்டைக்குக் கிடைக்கிறது கொஞ்சக் கிழமைதான்.

முதல்நாள் போனவர் வெறுங்கையோட வந்தார். ரெண்டாந்தரமும் வெறுங்கை. மூண்டாந்தரம் எனக்குக் கையும் காட்டேல்லை. நாலாந்தரம் வந்து கதவைத் திறக்காமல் எங்கட கடைசிப் படியில குந்தியிருந்தார். துவக்கு உறைக்குள்ள. நாய் காலடியில. நான் தேத்தண்ணியோட இறங்கிப் போனன்.

"என்ன மொசியூ?"

மனுசன் எழும்பினார். ஒப்பிறேசன் செய்த காலையே மடிச்சுத் தூக்கினார். மூக்கை நீட்டினார். அசையாமல் நிண்டார். இப்பிடித்தான் நாய் நிக்கவேணும் எண்டு காட்டுறார். குருவியின்ர மணம் பிடிச்சவுடனை நாய் கல்லாயிடவேணும். குருவி பயத்தில பதுங்கும். மனுசன் ஆறுதலா நடந்து கிட்டப் போய் அதை எழுப்பிச் சுடுவார். அதுதான் இந்த நாயின்ர பரம்பரைத் தொழில். இப்ப இது என்ன செய்யுது? கையைத் தட்டி, "பூஃப்" எண்டு ரெண்டு கையையும் எறிஞ்சு காட்டினார். மணம் பிடிச்சவுடனை பாயுது. அவர் வாறதுக்குள்ள குருவி அமெரிக்காவுக்குப் போயிடுது.

அந்த ஒத்தைக்கால் நிலையை நான் எங்கை கண்டனான் எண்டு எனக்கு வடிவாத் தெரியும். என்ர மல்லிக்குப் பக்கத்தில.

பேந்து அவர் கழுத்தைச் சுத்திக் கயிறு கட்டிற மாதிரிக் காட்டி, தூரத்தைக் காட்டினார். வேலையால வந்த மகன்தான் மிச்சத்தைக் கேட்டுச் சொன்னான்: செத்துப்போன பெண்சாதியின்ர தம்பி ஒராள் பண்ணை வைச்சிருக்கிறார். சனிக்கிழமை வந்து நாயைக் கொண்டுபோறாராம். கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில கட்டிப்போட. துவக்கையும் அவருக்கே குடுக்கப்போறாராம். சொல்லேக்கை மனுசன் நாயைப் பாக்கேல்லை, தேத்தண்ணிக் கோப்பையையே பாத்துக்கொண்டிருந்தார்.

அந்த இடத்தில நான் உண்மையைச் சொல்லியிருக்க வேணும். சொல்லேல்லை. வீட்டுக்காரன், அதிலயும் துவக்கோட இருக்கிற வீட்டுக்காரன். உண்மை சொல்லுறதுக்கு ஒரு நேரகாலம் இருக்கு. அதுக்குப் பதிலா, என்ர நெஞ்சில கையை வைச்சு, காட்டுப் பக்கத்தைக் காட்டி, "நானும் வாறன்" எண்டன். நான் பழக்கினதை நானே மறக்கப் பண்ணலாம் எண்டு ஒரு நப்பாசை. மனுசன் அந்தக் கவலையிலயும் சிரிச்சார்.

செவ்வாய்க்கிழமை விடியப் போனம். சீலைக்குள்ளால மகன்ர பனிக்காற்சட்டை, அதுக்குமேலை மருமகளின்ர கோட்டு, அதுக்கும் மேலை மனுசன் தந்த தோடம்பழ நிறக் கையில்லாச் சட்டை. சுடுறவை மனுசரைக் குருவியெண்டு நினையாமல் இருக்கிறதுக்காம். என்ர பருமனில குருவி இருந்தால் ஊருக்கே விருந்து வைக்கலாம் எண்டன். அவருக்கு விளங்கேல்லை, நல்லவேளை.

நாயின்ர கழுத்தில மாட்டுக்குக் கட்டிற மாதிரி ஒரு மணி. மணி கேக்குமட்டும் நாய் ஓடுது. மணி நிண்டால் குருவி இருக்கு. அதுதான் சங்கதி. சேறெண்டால் சேறு. ஈரப் பத்தைக்குள்ள கம்பு முகத்தில அடிக்குது. மணி கிணுகிணு எண்டு ஓடிச்சுது, நிக்கவே இல்லை, கிணுகிணு கூடிச்சுது, நாய் "வள்" எண்டுது, பத்தைக்குள்ளால ஒரு மண்ணிறக் குருவி விசிலடிச்ச மாதிரிச் சத்தத்தோட எழும்பி மரத்துக்கு மேலால போச்சு.

கலைச்சுப்போட்டு நாய் ஆரிட்டை வந்தது? எசமானிட்டை இல்லை. நேரை என்னட்டை வந்து, எனக்கு முன்னால குந்தி, என்ர கோட்டுப் பொக்கற்றைப் பாத்துது. மனுசன் நாயைப் பாத்தார். என்னைப் பாத்தார். நான் வானத்தைப் பாத்தன்.

ரெண்டாவது குருவியும் அப்பிடியே போச்சு. நான் "இரு! நில்லு! சீ, நில்லடி!" எண்டு கத்தினன். கத்தக் கத்த அது இன்னும் கெதியா ஓடுது, நான் உசார்ப்படுத்திறன் எண்டு நினைச்சு. மனுசன் துவக்கை மடிச்சுத் தோட்டாவைக் கழட்டிப் பொக்கற்றுக்குள்ள போட்டார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

என்ர சப்பாத்து ஒண்டு சேத்துக்குள்ள இறுகிப்போச்சு. விழுந்த மரமொண்டில குந்தினன். பயம், களைப்பு, மனச்சாட்சி எல்லாம் ஒண்டாச் சேந்து வந்துது. வேற வழியில்லாமல், சத்தமா "அருள் நிறைந்த மரியே" எண்ட அருள்நிறை மந்திரத்தைச் சொல்லத் துவங்கினன்.

மணி நிண்டுது.

எனக்கு உடனை விளங்கேல்லை. பேந்துதான் ஓடிவெளிச்சுது. நான் வீட்டில பின்னேரம் மூண்டு மணிக்குச் செபமாலை சொல்லுறனான். துவக்கத்தில இந்த நாய் மடியில ஏறும், செபமாலையைக் கடிக்கும். அதால செபம் முடியுமட்டும் காதைக்கூட ஆட்டப்படாது, ஆட்டினால் கருவாடு இல்லை எண்டு பழக்கியிருந்தன். கோடை முழுக்க, நாள் தவறாமல் ஐம்பத்துமூண்டு அருள்நிறை மந்திரத்துக்கு அசையாமல் இருந்த நாய் அது. மொன்றியலில அவ்வளவு பக்தியான கத்தோலிக்கர் ஒருத்தரும் இருந்திருக்கமாட்டினம்.

எட்டிப் பாத்தன். பத்தைக் கரையில, ஒரு காலைத் தூக்கினபடி, மூக்கு நீட்டி, வால் விறைச்சு நிக்குது. மனுசன்ர வாய் திறந்தபடி. நானும் அதிசயத்தில வாயை மூடிப்போட்டன். நாயின்ர கால் மெல்ல இறங்கத் துவங்கிச்சுது. மனுசன் என்னைப் பாத்துக் கையைச் சுழட்டுறார்: சொல்லு மடாம், சொல்லு, நிப்பாட்டாதை! நான் திருப்பியும் துவங்கினன். அவர் தோட்டாவைப் போட்டு அடிமேல் அடி வைச்சு நடக்கிறார், நான் செபம் சொல்லுறன், நாய் கல்லா நிக்குது. மந்திரக் கடைசியில "எங்கள் மரண நேரத்திலும்" எண்ட இடத்துக்கு நான் வர, குருவி எழும்பிச்சுது, துவக்கு வெடிச்சுது. எனக்கு அந்தக் குருவியை நினைக்கச் சரியான பாவமாப் போச்சு. அதுக்காக எண்டு இன்னொரு மந்திரம் சொன்னன்.

நாய் குருவியைப் பூ மாதிரி வாயில கவ்விக்கொண்டு வந்து எசமானின்ர கையில குடுத்தது. மனுசன் சேத்துக்குள்ள முழங்கால்படியிட்டு நாயின்ர தலையைக் கட்டிப்பிடிச்சார். நான் மற்றப் பக்கம் திரும்பி என்ர சப்பாத்தை இழுத்தன்.

சுட்டதில ரெண்டாவது குருவிக்கும் செபம் சொன்னன். மூண்டாவதுக்கு நான் வாயைத் திறக்கமுதலே மணி நிண்டுது. நாலாவதுக்கும் அப்பிடியே. அதுக்குத் தன்ர புத்தி திரும்பி வந்திட்டுது. ஆனால் நான் ரெண்டுக்கும் வாயை மட்டும் சும்மா அசைச்சுக்கொண்டிருந்தன். வந்த மரியாதையை ஏன் விடுவான்.

குருவி நாலையும் இறகோட, குடலோட, கீழ்வீட்டுப் பின்பக்கக் கொட்டிலில தொங்கவிட்டார். புதன் போச்சு, வியாழன் போச்சு. நான் ஒரு நாளைக்கு மூண்டு தரம் எட்டிப் பாத்தன். கோழியை மஞ்சளும் உப்பும் போட்டு மூண்டு தண்ணியில கழுவிற எனக்கு நித்திரை வருமோ? வெள்ளிக்கிழமை கத்தியும் சட்டியும் மஞ்சள்தூளுமாய் இறங்கினன். மனுசன் கொட்டில் வாசலில கையை விரிச்சு மறிச்சார்.

"நொன், மடாம்!"

"குடலை மட்டும் எடுத்துத் தாறன், மொசியூ. மணக்கப் போகுது."

"நொன்!"

இது எழும்பிப் பறக்கேக்கை உள்ளுக்குள்ள இருக்கிறதெல்லாத்தையும் வெளியில விட்டிட்டுத்தான் பறக்குமாம். அதால குடல் சுத்தமாம். அவர் அதை நடிச்சுக் காட்டின விதத்தை எழுத ஏலாது. "பயந்தால் எல்லாரும் அப்பிடித்தான். அதுக்காக எங்களைக் கழுவாமல் சமைப்பியளோ?" எண்டு கேட்டுப்போட்டு மேலை ஏறினன்.

சனிக்கிழமை மத்தியானம் மனுசன் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். கீழ்வீட்டுக் குசினிக்குள்ள போனால் பண்ணை வைச்சிருக்கிற அந்த மச்சான்காரன் இருக்கிறார். சிவத்த முகம், பெரிய கை. கதிரையின்ர முதுகில ஒரு புதுக் கயிறு. நாய் மேசைக்குக் கீழை.

மனுசன் குருவியளை இறகு பிடுங்கி, தலையோட, அந்த நீளச் சொண்டாலயே உடம்பைக் குத்திக் கோத்து, பட்டரில வாட்டி அவண் அடுப்புக்குள்ள வைச்சிருந்தார். நாலு தலையும் என்னைப் பாத்துக்கொண்டு கிடந்துது. மணம் மட்டும், பொய் சொல்லக்கூடாது, நல்ல மணம்.

அடுப்பைப் பாத்துக்கொண்டே மச்சானுக்குக் காட்டுக் கதையைச் சொன்னார். நாய் நிண்டதை, என்னை, செபத்தை. மச்சான்காரன் வயிறு குலுங்கச் சிரிச்சார். பேந்து சிரிப்பை விட்டிட்டு ஏதோ கேட்டார். என்னைக் காட்டினார், காட்டுப்பக்கம் காட்டினார், தோளை உயர்த்தினார். எனக்கே விளங்கிச்சுது: ஒருநாள் நிண்டது சரி. இனி ஒவ்வொரு முறையும் இந்த மனுசியைத் தூக்கிக்கொண்டோ திரியப்போறாய்? பழுதான நாய் பழுதுதான். ஏன் பழுதாச்சு எண்டு தெரியாமல் நம்பலாமோ?

கீழ்வீட்டு மனுசன் அடுப்பை விட்டிட்டுத் திரும்பினார். அவற்ற கண் கயிற்றுக்குப் போச்சு.

இனிச் சும்மா இருந்தால் நான் மனுசி இல்லை. எழும்பினன். பாவசங்கீர்த்தனம் சுவாமியாரிட்டைச் செய்யிறது லேசு, அங்கை இருட்டு, வாயால சொன்னால் காணும். இது குசினிக்கு நடுவில, பட்டப்பகலில, கை காலால. முதலில நான் மல்லி காயப்போட்டன். பேந்து புறாவா வந்து மல்லி திண்டன். பேந்து நாயாகி ஒரு காலைத் தூக்கினன், விழப்பாத்து மச்சான்காரன்ர தோளைப் பிடிச்சன். பேந்து நானாகி, கையைத் தட்டி, "சூ! பிடி!" எண்டன்.

மேசைக்குக் கீழை இருந்த நாய் "வள்" எண்டு பாய்ஞ்சு, ஒரு கதிரையை விழுத்திப்போட்டு, எனக்கு முன்னால வந்து குந்தி, கருவாட்டுக்கு வாயைத் திறந்துது.

அதுக்குமேலை சாட்சி தேவைப்படேல்லை.

கீழ்வீட்டு மனுசன் என்ர கையை மணந்து பாக்கிற மாதிரிக் காட்டி, என்ன குடுத்தனீ எண்டு கேட்டார். மேலை ஓடிப்போய் ஒரு கருவாட்டுத் தலை கொண்டந்து காட்டினன். மணந்தவர் பின்னுக்குப் போனார். மூக்கைக் காட்டினார், மேல்வீட்டுப் பக்கம் பாத்தார், தன்ர முழங்காலைக் காட்டினார், டொக்டர் காதில குழாய் வைக்கிற மாதிரிக் காட்டினார், ரெண்டு விரல் காட்டினார். கோடை முழுக்க வந்த இந்த மணத்தை, தன்ர கால்தான் உள்ளுக்குள்ள அழுகுது எண்டு நினைச்சு, ரெண்டு தரம் டொக்டரிட்டை ஓடினவராம்!

மச்சான்காரன் மேசையில அடிச்சடிச்சுச் சிரிச்சார். கீழ்வீட்டு மனுசன் சிரிக்கேல்லை. நாயை வரச்சொல்லிக் கூப்பிட்டு, அதின்ர ரெண்டு காதையும் பிடிச்சு முகத்தைக் கனநேரம் பாத்தார். நாயில பிழை இல்லை எண்டு அவருக்கு இப்பத்தான் தெரியும். பேந்து கதிரையில கிடந்த கயிற்றைச் சுருட்டி மச்சான்ர கையில குடுத்தார். மச்சான்காரன் வேண்டிக் கோட்டுக்குள்ள வைச்சார்.

எனக்குத் தண்டனை வேறயா வந்துது. ஒரு குருவியின்ர வயித்தைத் திறந்து, சின்னக் கரண்டியால குடலை எடுத்து, பட்டரும் மிளகும் ஒரு துளி பிரண்டியும் விட்டு மசிச்சு, வாட்டின பாண்துண்டில பூசி, என்ர கோப்பையில வைச்சார். வைச்சிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு என்ர முகத்தைப் பாத்தார். மச்சான்காரனும் பாத்தார்.

கழுவாத குடல். நாலு நாள் தொங்கினது. மண்புழு திண்ட வயிறு. சிலுவை போட்டிட்டு வாய்க்குள்ள வைச்சன்.

ஈரல் மாதிரி, அதைவிட மெதுவா, மழை பெஞ்ச மண் மணத்தோட, பட்டரில கரைஞ்சு போச்சு. நான் முகத்தில ஒண்டும் காட்டேல்லை. ஆறுதலா முழுங்கி, வாயைத் துடைச்சு, "உறைப்புக் காணாது" எண்டன்.

அப்பத்தான் மனுசன் சிரிச்சார். விரலைத் தூக்கி, வாற கோடையில நாய் கீழை, மடாம் மேலை எண்டு கண்டிப்பாக் காட்டினார். நான் ஓம் ஓம் எண்டு தலையாட்டிக்கொண்டு, மச்சான்காரன் கைநீட்டமுதல் ரெண்டாவது பாண்துண்டை எடுத்தன்.